டொறீன் அக்காவின் பெயரில் கேட்ட கேள்விகள்

எங்கள் கம்பெனி மாதம் ஒருமுறை அச்சடித்துக் கொடுக்கும் செய்தித்தாளில் டொறீன் அக்காவைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தார்கள். "மாத்தளைத் தொழிற்சாலையின் பொதி செய்யும் பிரிவைச் சேர்ந்த திருமதி டொறீன் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்றுள்ளார். வாழ்த்துகள்." அவ்வளவுதான். பக்கத்திலேயே கொழும்பு ஒபீஸில் யாரோ கேக் வெட்டிய படம் அரைப் பக்கத்துக்கு. எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தாளைக் கிழித்துக் கறிவேப்பிலை மடித்து வைத்தேன். இரண்டு வரியில் அடங்குகிற பெண்ணா அவள்? அவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன். என் பெயர் டிலானி. அக்கா வேலை செய்த மேசையில் அவளுக்கு இடது பக்கம் நின்றவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கோயில் வீதி முழுக்கச் சொல்வார்கள். உண்மைதான், அதற்கு என்ன செய்ய.

டொறீன் அக்கா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இஞ்ஞாசி தேயிலை பக்டரியில் வேலை செய்தவர், அம்மா மலையில் கொழுந்து எடுத்தவர். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள், கணக்கில் கோட்டை விட்டாள். அப்புறம் மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடை, அப்புறம் கல்யாணம். புருஷன் ஷியாம் தம்புள்ளைச் சந்தைக்கும் கண்டிக்கும் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்டரிக்கு வந்தாள். மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா என்று வந்து குவிவதைச் சுத்தம் பண்ணி, ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கி, பொதி செய்து கப்பலுக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் தும்முவார்.

அக்கா வந்தது ஏஜென்சி ஆளாக. அதாவது வேலை எங்கள் கம்பெனியில், ஆனால் பெயர் கம்பெனியின் ஆட்களோடு இருக்காது. ஒருமுறை நாடே படுத்துப்போன நேரத்தில் ஏஜென்சிக்காரன் போன் எடுத்து, "நாளைக்கு வராதீங்க" என்றான். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். பல மாதம் அடுத்தவன் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தாள் அக்கா. திரும்பக் கூப்பிட்டபோது ஒன்றும் பேசாமல் வந்து மேசையில் நின்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஏஜென்சி நம்பரிலிருந்து போன் வந்தால் அவள் முகம் செத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நிரந்தரமாக வேண்டும், ஒரே ஒரு போனில் யாரும் தன்னை நிறுத்த முடியாத இடத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் கேள்விப் பெட்டி வந்தது. கொழும்பிலிருந்து கம்ப்யூட்டர் மிஸ் ஒருவர் வந்து, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய தொடுதிரை டெப் ஒன்றை மாட்டினார். கம்பெனியில் யாருக்கு எது தெரியாவிட்டாலும் அதில் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதலாம். கேட்டவர் சரியான பதிலுக்குப் பச்சை நிறத்தில் சரி போட வேண்டும். பதில் எழுதியவருக்குப் புள்ளி. நாளைக்கு அதே சந்தேகம் இன்னொருவருக்கு வந்தால் தேடிப் படித்துக்கொள்ளலாம், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவர் அறிவு போகாது என்றார் மிஸ். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. எங்கள் ஆட்கள் அன்றைக்கே கேள்விப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் மாதம் அதில் வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவர் விடியற்காலை ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். பௌர்ணமிப் போயா தினத்துக்குத் தாமரைப்பூ வந்தது. முத்துமாரியம்மன் தேர் படம் வந்தது, அதற்குக் கீழே இருபது பேர் கும்பிட்டார்கள். ஒருவன் ஆடு விற்பனைக்கு என்று படத்தோடு போட்டான். கேள்விப் பெட்டியில் முதல் முதலாக விழுந்த உண்மையான கேள்வி அதற்குக் கீழேதான்: "விலை குறையுமா?" கொழும்பு மிஸ் அழாத குறை.

வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. காரணம் மிஸ்ஸுக்கு விளங்கவில்லை, எங்களுக்கு விளங்கியது. கேள்விக்கு மேலே கேட்டவருடைய பெயர் விழும். எங்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை குனிந்து எழுதிவிட்டால் எழுதியதுதான். எழுதிய பேரை யாரும் கூட்டினதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை, வெட்டினதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆக, 'தெரியாது' என்று சொல்லிப் பெயரையும் பக்கத்தில் எழுதிக் கொடுக்க எங்களுக்கென்ன பைத்தியமா? தோட்டத்தைக் கண்ணால் காணாத, துப்புரவு பார்க்கும் நோனாவும் களஞ்சியத்து ஷிஃபானும்கூட அதே மாதிரிதான் பயந்தார்கள். மேலிடத்துக்குப் பயப்படுவதற்கு எந்த ஊராக இருந்தால் என்ன.

அக்காதான் முதலில் கேட்டாள். எங்கள் பிரிவில் சாக்கு தைக்கிற மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நாங்கள் நூலை மாற்றினோம், நூல் வாங்கிய கடையைத் திட்டினோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய் டெப்பில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். நான் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒங்களுக்கு வேற வேல இல்லையா அக்கா? நாளைக்கே ஒபீஸ்ல கூப்பிட்டு, மெஷின் ஓட்டத் தெரியாதான்னு கேப்பாங்க."

"தெரியாதுதானே புள்ள. கேட்டா நாக்கு தேஞ்சா போயிரும்?"

மெஷின் பிரிவின் மூத்த ஆள் கஜேந்திரன் அண்ணன் அன்று மத்தியானமே பதில் எழுதினார். ஊசியை முன்பின்னாக மாட்டியிருக்கிறோம், பள்ளம் இருக்கும் பக்கம் எது என்று பார்க்கவும். பார்த்தோம். திருப்பி மாட்டினோம். நூல் அறவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா பச்சைச் சரி போட்டுவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள்.

அதிலிருந்து பிடித்தது. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நேரே அக்காவிடம் வருவார்கள். கை கழுவுகிற சாக்கில் பக்கத்தில் நின்று, "ஒங்க பேர்ல போட்டுருங்களேன்" என்பார்கள். நோனா, எந்தத் திரவத்தை எந்தத் தரைக்கு ஊற்றுவது என்று கேட்கச் சொன்னார். கன்டீன்காரர் கேஸ் சிலிண்டர் நாற்றத்தைக் கேட்கச் சொன்னார். ஊழியர் சேமலாப நிதி நம்பர் தொலைந்தவர், பிரசவ லீவு எவ்வளவு என்று கேட்க வெட்கப்பட்டவர், எல்லோருக்கும் அக்கா பெயர்தான். ஊர்க்காரர்கள் கோயில் உண்டியலில் காசு போடுகிற மாதிரி அவளிடம் கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"வழியில போற ஓணான வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கத தெரியுமா அக்கா?" என்றேன் ஒருநாள்.

"நான் வேட்டி கட்டுறதில்லையே" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேள்வியை வாங்கி அப்படியே எழுதிவிடுகிற ஆள் இல்லை அவள். அதுதான் இந்தச் செய்தித்தாள்காரர்களுக்குத் தெரியாதது. களஞ்சியத்தில் வேலை செய்யும் ஷிஃபான் வந்து, "ஈரம் பாக்குற மீட்டர் பொய் சொல்லுது அக்கா" என்றான். வேறு யாராவது என்றால் 'மீட்டர் பழுது, என்ன செய்வது' என்று எழுதியிருப்பார்கள். அக்கா இடைவேளையில் அவன் பின்னாலேயே களஞ்சியத்துக்குப் போனாள். எப்போது பொய் சொல்கிறது, எந்த மிளகுக்கு, காலையிலா மாலையிலா என்று அவனைப் பிடித்துக் குடைந்தாள். கடைசியில் அவள் எழுதியது இது: "காயவைக்கும் மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு மிளகை மீட்டரில் போட்டால் ஒரு அளவு காட்டுகிறது. அதே மிளகு ஆறிய பிறகு வேறு அளவு. எதை நம்புவது?" கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து உடனே பதில் வந்தது. ஆறிய பிறகு பார்ப்பதுதான் சரி, இந்தக் கேள்வியை மற்றக் களஞ்சியங்களுக்கும் அனுப்புகிறோம் என்று. பல்லேகமவில் மிளகு சேர்க்கிற இடத்திலிருந்துகூட அதைப் படித்துவிட்டு நன்றி எழுதினார்கள்.

பதில் வந்தால் அவளே நடந்துபோய் உரியவரிடம் சொல்லிவிட்டு வருவாள். அவருக்கு விளங்கினதா என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்வாள். இப்படிப் போய்ப் போய் அந்தப் பக்டரியில் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை என்றாகிவிட்டது. புள்ளி எல்லாம் பதில் எழுதினவர்களுக்குத்தான். கஜேந்திரன் அண்ணன் அதிகப் புள்ளி எடுத்து, அவருடைய படம் வாசலில் தொங்கியது. நன்றாகப் பதில் சொல்கிற மனிதர், மெச்ச வேண்டியதுதான். கேள்வி கேட்டவருக்கு ஒரு கரும்புள்ளிகூட இல்லை.

அந்தக் கஜேந்திரன் அண்ணனும் ஒருநாள் கை கழுவ வந்தார். ஆவி மெஷின் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, கையால் தொட்டு ஓட்டுகிற திரையோடு. வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து இங்கிலீஷில் பழக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அடுத்த குழாயில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்கட்டும் என்று அவர் பேசவில்லை, ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"தங்கச்சி, ஒரு சின்ன விசயம். ஒன்னோட பேர்ல போட்டுரு. நான் கேட்டேன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

"என்னாங்கண்ணே?"

"ஆவி மெஷின் பாதியில செவப்புக் காட்டி நின்னுருது. மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டுறதா, விட்ட எடத்துலேர்ந்து ஓட்டுறதா? ட்ரெய்னிங்ல வெளங்கல. வெளங்குச்சுன்னு கையெழுத்து வச்சிட்டேன்."

"வெளங்கலன்னு அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. நானும் ஆட்டிட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. "என் பேர்ல போட்டா அது என் கேள்விதான். யாருக்கும் சொல்ல மாட்டேன். வாங்க, மொதல்ல எனக்கு மெஷினக் காட்டுங்க" என்றாள். அந்த மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அனுமதி இல்லாதவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. அக்கா கோட்டுக்கு வெளியே நின்றே பார்த்தாள், அவர் உள்ளே நின்று காட்டினார். பிறகு வந்து எழுதினாள். முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி சாகாது, அந்த மிளகைத் தனியாக வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கஜேந்திரன் அண்ணன் அன்றிலிருந்து அப்படியே செய்தார். ஒரு மூட்டைகூடத் தப்பாகப் போகவில்லை.

அடுத்த வருடம் எங்கள் பிரிவு மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரந்தரமான இடம். ஏஜென்சி ஆட்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அக்கா விண்ணப்பித்தாள். கஜேந்திரன் அண்ணனும் விண்ணப்பித்தார். அவருக்கு அது மேலே ஏறும் படி. அக்காவுக்கு அது காலூன்றுகிற தரை.

நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு மெனேஜர் வந்தார். எங்கள் பக்டரி மெனேஜர் ஹாஷிம் சேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சிங்களத்தில் நடந்ததை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். கொழும்பு மெனேஜர் கேள்விப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாராம்.

"இந்த பக்டரியிலேயே ஆகக் கூடுதலான கேள்வி கேட்டது நீங்கதான். உங்களுக்கு ஒன்றுமே தெரியாதா?"

"கேக்குறப்போ தெரியாதுங்க சேர். இப்ப தெரியும்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஜேந்திரன் அண்ணனுடைய பக்கத்தைக் காட்டி, இவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, பதில்தான் சொல்லியிருக்கிறார் என்றாராம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விரலால் தள்ளித் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நீங்க பொதி செய்யிற பிரிவு. ஆவி மெஷின் பாதியில நின்றால் என்ன செய்வதென்று உங்களுக்கு எதற்கு? அனுமதி இல்லாம அந்த மெஷின ஓட்டினீங்களா?"

"இல்ல சேர். நான் கோட்டத் தாண்டல."

"அப்போ எதற்குக் கேட்டீங்க?"

அக்கா பதில் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் ஆவி மெஷினைத் தொட்டால் நிரந்தர ஆளுக்கே எச்சரிக்கைக் கடிதம். ஏஜென்சி ஆள் என்றால் ஒரு போன்தான். அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்சிக்கு அறிவிப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பஸ் ஹோல்ட்டில் வைத்து இதை அவள் சொன்னபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு பேரச் சொல்லுங்க அக்கா. முடிஞ்சுது வேல."

"சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன் புள்ள."

"அவரு ஒங்ககூடப் போட்டிக்கு நிக்கிற ஆளு. நீங்க வாய மூடிக்கிட்டா அவருதான் மேல வரப்போறாரு. ஒங்களுக்கென்ன லூசா?"

"அவரு போட்டிக்கு நிக்கிறதுக்கு முந்தி கேட்ட கேள்வி அது. நம்பித்தானே கேட்டாரு." சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமாத்தான் இருக்கு டிலானி. அந்தப் போன் வந்துருமோன்னு பயமா இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன். நீயும் சொல்லப்படாது. அவரு பேரு ஒன் வாயில வரவே கூடாது" என்றாள். ரத்தோட்டை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு நடந்தேன், வழியில் கண்டவரையெல்லாம் முறைத்துக்கொண்டு.

அவர் பெயர் என் வாயில் வரக் கூடாது என்றுதானே சொன்னாள், வாயையே திறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கன்டீனில் எல்லோரும் பார்சலைப் பிரித்தபோது எழுந்து நின்றேன். அக்கா அப்போது ஹாஷிம் சேரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"எல்லாரும் நல்லாச் சாப்பிடுங்க" என்றேன். "நம்ம வேலயெல்லாம் இப்ப நல்லா நடக்குது. தர வழுக்கல, மீட்டர் பொய் சொல்லல, லீவு கெடைக்குது. டொறீன் அக்காவுக்கு மட்டுந்தான் வேல போகப் போகுது. ஒண்ணுந் தெரியாதவன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டாங்க. அவ தெரியாதவளா, நம்ம தெரியாதவங்களா? அவ கேட்ட கேள்வியில அவளோடது எத்தன? இங்க இருக்குற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஊம ஊரக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. இங்க ஊரே ஊமையா இருந்து ஒருத்தியக் கெடுக்குது."

ஆவி மெஷின் விசயத்தையோ, கஜேந்திரன் அண்ணன் பெயரையோ நான் எடுக்கவில்லை, சத்தியமாக அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாதிச் சோற்றை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனது மட்டும் தெரிந்தது. போகட்டும், மனுசனா கல்லா என்று பார்ப்போம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் வரும்போது டெப்புக்கு முன்னால் கூட்டம். வழக்கமாகக் கை கழுவத்தான் அங்கே கூட்டம் நிற்கும், அன்றைக்கு ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. இடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஆவி மெஷின் கேள்விக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தது.

"இது என்னுடைய கேள்வி. டொறீனைக் கேட்கச் சொன்னவன் நான். அவர் மெஷினைத் தொடவில்லை, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். பயிற்சியில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது என்று கையெழுத்து வைத்தேன். பிழை என்னுடையது. கஜேந்திரன், மெஷின் பிரிவு."

தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை. சிங்களத்தில் எழுத்துப் பிழை இருந்தது, யாரிடமும் கேட்காமல் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பதவி தன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டு எழுதியது. அவர் மேல் நான் வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

முதலில் நோனாதான் முன்னால் வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தரை கழுவுகிற கேள்வியைத் தேடித் தரச் சொன்னார். அதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, 'மகே' என்று சிங்களத்தில் எழுதினார். 'என்னுடையது' என்று அர்த்தம். அடுத்து ஷிஃபான். அடுத்து கன்டீன்காரர். பிரசவ லீவைக் கேட்கச் சொன்ன பிள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து எழுதினாள். வேலை தொடங்கும் மணி அடித்தும் வரிசை கலையவில்லை. ஒருவன் ஆர்வக் கோளாறில் சாக்கு நூல் கேள்விக்குக் கீழேயும் 'என்னுடையது' என்று போட்டுவிட்டான். அது அக்கா தானாகக் கேட்டது. அவள் வந்ததும் அவனைப் பிடித்து, "அது என்னோடது, அழிடா" என்று அழிக்கவைத்தாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு வந்து மேசையில் நின்றாள்.

திங்கட்கிழமை அக்காவை ஒபீஸுக்குக் கூப்பிட்டார்கள். விளக்கம் எழுதிக்கொண்டு போகவில்லை, எழுத வேண்டியதை ஊரே எழுதிவிட்டது. கொழும்பு மெனேஜர் கம்ப்யூட்டர் திரையில் இருந்தார். ஹாஷிம் சேர் அவரைப் பார்த்து, "இவங்க கேட்டதில எதையாவது எடுத்து நீங்களே கேளுங்க" என்றாராம். அவரும் எடுத்துக் கேட்டார். சாதிக்காயில் பூஞ்சணம் பிடித்தால் என்ன அறிகுறி, தரை எண்ணெய்க்கு எந்தத் திரவம், மிளகை எப்போது மீட்டரில் போடுவது, ஆவி மெஷின் நின்றால் என்ன செய்வது. அக்கா நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு தானும் ஒன்று கேட்டாள்.

"ஆவி மெஷின் ட்ரெய்னிங்க தமிழ்லயும் சிங்களத்துலயும் திரும்ப வைக்க முடியுமா சேர்? தலையாட்டுனவங்க கஜேந்திரன் அண்ணன் மட்டும் இல்ல."

பதவிக் கடிதம் அந்த வாரமே வந்தது. நிரந்தரம். அவள் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஷியாமுக்குப் போன் பண்ணி, "எங்க நிக்கிறீங்க? தம்புள்ளையா? வர்றப்போ கோழி வாங்கிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் கொண்டாட்டம். கஜேந்திரன் அண்ணனுக்கு எச்சரிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் பயிற்சிக்குப் போன அத்தனை பேரும் விளங்காமலேதான் கையெழுத்து வைத்திருந்தார்கள், யாருக்கென்று கொடுப்பது.

அந்த மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் மிஸ் வந்தார். எங்களையெல்லாம் பொதி செய்யும் மண்டபத்தில் கூட்டி, நடந்ததைக் கேள்விப்பட்டு மிகவும் கவலைப்பட்டதாகச் சொன்னார். இனிமேல் யாரும் பயப்பட வேண்டியதில்லை, கேட்பவர் பெயர் தெரியாதபடி மாற்றித் தருகிறேன், ஒரே நாள் வேலைதான் என்றார். நல்ல மனம் உள்ள மிஸ். சரிதானே, சம்மதமா என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

பின்னாலிருந்து கஜேந்திரன் அண்ணன் கையை உயர்த்தினார்.

"வேணாங்க மிஸ். பேரு இருக்கட்டும்" என்றார். "யாருக்கு வெளங்கலன்னு தெரிஞ்சாத்தானே அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லிக்குடுக்கலாம். டொறீன் அப்படித்தான் செஞ்சாங்க."

"என் பேரும் இருக்கட்டும்" என்றார் நோனா சிங்களத்தில்.

மிஸ் எண்ணிப் பார்ப்பதற்குள் மண்டபத்தில் கைகள் எழுந்துவிட்டன. என் கையும்தான். முன் வரிசையில் புது மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தாள். ஒபீஸில் இரண்டு மெனேஜர்களுக்கு முன்னால் கலங்காதவள், கடிதம் வாங்கியபோது கோழி வாங்கச் சொன்னவள், அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதாள். ஏன் அழுகிறாள் என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.